பனிமலைக்குப் போன இரண்டாம் பாகம்

கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மார்கழி, தை மாதங்களில் குளிருக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. விடியும்போது புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓசியில் கிடைக்கிற இந்தக் குளிர் போதாதென்று, ஐம்பத்தாறாம் வருஷக் கடைசியில், தோட்டத்தை நடத்தும் பெரியதுரை லீவு போட்டுவிட்டு ஐரோப்பாவில் ஏதோ ஒரு பனிமலைக்குக் கிளம்பினார். அங்கே காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து சறுக்கிச் சறுக்கி இறங்குவார்களாம். அதற்குப் பெயர் விடுமுறையாம்.

"காசக் குடுத்துக் குளுர வாங்கப் போறாரு" என்று பேச்சியம்மா, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் சொன்னபோது கொழுந்தெடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பூரணி சிரிக்கவில்லை. அவள் மனம் துரையின் மனைவி, துரைசானியின் பெட்டியில் இருந்தது.

பூரணி பங்களாவுக்குள் வேலை பார்ப்பவள். கூட்டுவது, துடைப்பது, கணப்பு மூட்டுவது அவள் பாடு. அப்பா உயிரோடு இருந்தவரை நுவரெலியாவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தாள். அவர் போனதும் படிப்பும் போயிற்று. ஆனால் படித்த இங்கிலீஷ் போகவில்லை. அது அவளுக்குத் தெரியும் என்பது பங்களாவில் சமைக்கிற கோக்கி ஆண்டியப்பனுக்கு மட்டும்தான் தெரியும். சமையலறையை மட்டுமல்ல, பங்களா வேலைக்காரர்கள் எல்லாரையும் கட்டி ஆளுகிற மனுஷன் அவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இங்கிலீசு தெரியும்னு மூச்சு விட்றாத. சங்கம், வேலநிறுத்தம்னு ஊரே கலங்கிக் கெடக்குது. மேசயில கெடக்குற கடுதாசிய நீ படிச்சு வெளியில சொல்லிருவேன்னு தொர பயப்படுவாரு. அப்பறம் ஒனக்கு மலதான், கூடதான்."

மலையும் கூடையும் பூரணிக்குப் புதிதல்ல. அம்மா வீரம்மா கொழுந்தெடுத்துத்தான் அவளை வளர்த்தாள். ஆனால் மலையில் புத்தக அறை கிடையாதே.

அந்த அறை பங்களாவின் மேற்குக் கோடியில் இருந்தது. நான்கு சுவரிலும் புத்தகம். இந்த ஊர்ப் பனிமூட்டத்துக்குக் காய்ந்த செருப்பே பூத்துப்போகும், புத்தகம் என்ன செய்யும்? ஆகவே தினமும் காலையில் அங்கே நெருப்பு மூட்டி, தட்டுக்குத் தட்டு புத்தகங்களை இறக்கி, பக்கங்களைப் புரட்டி, உலர்ந்த துணியால் பூஞ்சணம் துடைக்க வேண்டும் என்பது துரைசானி போட்ட சட்டம். புரட்டச் சொன்னால் கண் சும்மா இருக்குமா? முதலில் ஒரு வரி, பிறகு ஒரு பக்கம். இப்போது துணி ஒரு கையில், புத்தகம் ஒரு கையில். கதவுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டால் துணி மட்டும் வேலை செய்யும்.

துரைசானிக்குச் சறுக்க வராது. போன தடவை விழுந்து எழுந்ததோடு அந்த ஆசையை விட்டுவிட்டார். துரை சறுக்குகிற பொழுதெல்லாம் அவர் ஹோட்டலில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார். அதனால் அவருடைய பெட்டியில் கம்பளியைவிடப் புத்தகம்தான் கனம். எடுத்து வைக்கச் சொன்ன புத்தகங்களில் சிவப்பு அட்டை போட்ட ஒரு நாவலும் இருந்தது. இரண்டு பாகம். பூரணி அதை அடியில் வைக்காமல் மேலாக வைத்தாள். முதல் பாகத்தில் அவள் பாதி தாண்டியிருந்தாள்.

ஹெலன் என்று ஒரு பெண். தாய் தகப்பன் இல்லை. சித்தி வீட்டில் வளர்கிறாள். பெரிய வீடு, எல்லா அறைக்கும் பூட்டு, அத்தனை சாவியும் சித்தியின் இடுப்பில். செத்துப்போன அம்மாவின் அறையைக்கூட ஹெலன் திறந்து பார்க்க முடியாது. இந்த இடத்தில் விட்டுவிட்டு எப்படி மாதக்கணக்கில் காத்திருப்பது?

ரயிலுக்கு நானுஓயா போக ஐந்து மணிக்குக் கார் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துரைசானி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில், பூரணி பெட்டியிலிருந்து முதல் பாகத்தை மட்டும் உருவிக்கொண்டு பாத்திரம் கழுவுகிற அறைக்குப் போனாள். முடிந்த மட்டும் படித்துவிட்டு நாலரைக்குத் திருப்பி வைத்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் மூட்டம் இறங்குகிறது, பாதை தெரியாது என்று துரை அவசரப்படுத்தி மூன்றரைக்கே காரை வரச் சொல்லிவிட்டார். புத்தகத்துக்குள் ஹெலனோடு தோட்டத்துக் கதவண்டை நின்றுகொண்டிருந்தவளுக்குக் கார் சத்தம் காதில் விழவில்லை. விழுந்தபோது ஓடினாள். கார் கீழ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருக்கும். சத்தம் போட்டால் கையில் என்ன என்று கேட்பார்களே! புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்று ஆண்டியப்பன் கேட்டார். அவள் முந்தானையை விலக்கிக் காட்டினாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சுடா. அந்தம்மா அங்க போயி ரெண்டாவதத் தொறந்து, மொதலு எங்கன்னு தேடப் போகுது. தலைக்கு மேல வெள்ளம் போயிருச்சு, இனிச் சாணென்ன மொழமென்ன. நல்லா உக்காந்து படி."

படித்தாள். இரண்டே நாளில் தீர்ந்தது. கடைசிப் பக்கத்தில் ஹெலன் விடியற்காலைப் பனியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள். வண்டி ஒன்று நிற்கிறது. உள்ளேயிருந்து ஒரு கை நீள்கிறது. அவள் ஏறிக்கொள்கிறாள். அவ்வளவுதான். மீதி, கடலுக்கு அப்பால் ஒரு பனிமலையில், துரைசானியின் மடியில்.

அதன் பிறகு பூரணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு புத்தகத்தை எடுத்தாலும் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. கணப்பில் விறகைப் போட்டுவிட்டு அது பிடித்ததா என்று பாராமல் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். ஜன்னலில் மூட்டத்தைத் தவிர என்ன இருக்கிறது? திரும்பி வருவாள். அந்தக் கை யாருடையது? நல்லவனா? வயதானவனா? ஒருவேளை பெண்ணா? சில நேரம் துரைசானி மேல் கோபமாக வந்தது. விடை தெரிந்த மனுஷி அங்கே சூடாகக் காப்பி குடித்துக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள் அல்லவா! சில நேரம் பயம் வந்தது. கேட்பாளே, முதல் பாகம் எங்கே என்று வந்ததும் கேட்பாளே.

துரை இல்லாத காலத்தில் பங்களா ஆட்களைச் சும்மா வைத்துச் சோறு போடுவதில்லை. காலையில் பங்களா வேலை, மத்தியானத்துக்கு மேல் மலை. பூரணியும் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி, பேச்சியம்மாவுக்கும் நாகலெட்சுமிக்கும் நடுவில், தன் பங்குச் செடி வரிசைக்கு நிரை பிடித்தாள். நாகலெட்சுமி இரண்டு பிள்ளை பெற்றவள். அடுத்தவர் முகத்தைப் பார்த்தே சங்கதியைப் பிடித்துவிடுவாள்.

"என்னாடி, வாய்க்குள்ளயே பேசிக்கிற? எவனையாச்சும் நெனச்சுக்கிட்டிருக்கியா?"

"எவனும் இல்லக்கா. ஒரு புள்ளய நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்று பூரணி ஹெலன் கதையைச் சொன்னாள்.

சொல்லப்போனது ஒரு சின்ன விஷயமாகத்தான். ஆனால் மறுநாளும் கேட்டார்கள், அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். பக்கத்து நிரைக்காரிகள் காது எட்டுகிற தூரத்துக்கு நெருங்கி வந்தார்கள். பிந்தினால் கதை தப்பிவிடும் என்று எல்லாருடைய கையும் ஓடியது. கங்காணி மூக்கன் முதலில் "என்னா கூத்து இது?" என்று கத்திக்கொண்டு வந்தார். கொழுந்தை நிறுத்து, எடை கூடியதைப் பார்த்தபிறகு கத்துவதை விட்டுவிட்டு, காதுக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துத் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வீரம்மா மட்டும் நிரையின் கோடியில் முகம் கொடுக்காமல் கொழுந்து கிள்ளினாள். "பங்களால வேல பாக்குற புள்ளைக்கு இது தேவையா? தொர காதுக்குப் போனா என்னாகும்?" என்று முணுமுணுத்தாள். மகள் குளிரில் நடுங்காமல், அட்டைக்கடி படாமல் ஓட்டுக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறாள் என்பதுதான் அவளுடைய ஒரே பெருமை. அதில் கீறல் விழுவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

முதல் பாகம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

"வண்டியில ஏறுச்சு. அப்பறம்?" என்றாள் பேச்சியம்மா.

"அப்பறம் தெரியாதுக்கா. மிச்சம் தொரசானிகிட்ட இருக்கு."

நிரையே கொதித்தது. "அதெப்புடி? பாதியில வுட்டுட்டுப் போவியா? அந்தப் புள்ள என்னாச்சுன்னு தெரியாம நான் எப்புடித் தூங்குறது?" என்று நாகலெட்சுமி சண்டைக்கு வந்தாள். பூரணிக்கும் அதே தவிப்புத்தானே! வேறு வழியில்லாமல், தானே சொல்ல ஆரம்பித்தாள்.

வண்டியில் இருந்தது ஒரு கிழவி என்றாள். பேச்சியம்மா ஒத்துக்கொள்ளவில்லை, மாமன் மகனாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். சரி, கிழவியின் பேரன் என்று சமாதானம் ஆனது. ஹெலன் வேறு ஊருக்குப் போனாள், துணி வெளுத்தாள், காய்ச்சலில் கிடந்தாள், எழுந்தாள். எழுந்து, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் அடுத்தது என்ன என்று தெரியாமலேதான் பூரணி மலை ஏறுவாள். நிரையில் நின்று கொழுந்தில் கை வைத்ததும் அது வந்துவிடும். அந்த மாதங்களில் அவள் அமைதியாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மாசிக் கடைசியில், வரவேண்டிய நாளைக்கு முந்தியே துரை வந்து இறங்கினார். நடந்து அல்ல, நாற்காலியில். பனிமலையில் விழுந்து கால் முறிந்திருந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் வைத்தார்கள்.

"காசக் குடுத்துத் தேள வாங்கிக் கொட்டிக்கிட்டாரு" என்று ஆண்டியப்பன் சமையலறையில் பூரணியின் காதைக் கடித்தார். "நீ பயப்படாத. மொதப் பாகத்தத் தட்டுல வச்சாச்சுல்ல? நம்மதான் எடுத்து வைக்க மறந்துட்டோம்னு அந்தம்மாவே நெனச்சுக்கும். வாயத் தொறக்காம தேத்தண்ணிய ஊத்து."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். தட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். துரை காலை நீட்டிக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். துரைசானியின் மடியில் சிவப்புப் புத்தகம்! பூரணி அதைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடுபட்டாள்.

துரைசானி துரையிடம் இங்கிலீஷில் அலுத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் விடாமல் பனி கொட்டியதாம். கொண்டுபோன புத்தகமெல்லாம் தீர்ந்து, கடைசியில் இது ஒன்றுதான் மிச்சம். தலையில்லாத முண்டத்தைப் படித்ததுபோல் இருந்ததாம். "முழுக்கப் படித்தேன். ஆனால் ஒன்று மட்டும் புரியவேயில்லை. அந்தப் பெண் சாவிச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் ஏன் அழுகிறாள்?"

"அவள் அம்மாவின் அறையைச் சித்தி பூட்டி வைத்துவிட்டாள், மேடம்" என்றாள் பூரணி.

இங்கிலீஷில் சொன்னாள். வாய் முந்திக்கொண்டது. மூன்று மாதமாக ஹெலனைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்பதும் அவள் பதில் சொல்வதுமாகவே இருந்துவிட்டாள் அல்லவா, அந்தப் பழக்கம்.

துரையின் பேப்பர் கீழே இறங்கியது. துரைசானி மடியிலிருந்த புத்தகத்தை மூடினார். இத்தனை வருஷம் "வா, போ, துடை, எடு" என்று பத்துத் தமிழ் வார்த்தையில் பூரணியோடு குடும்பம் நடத்தியவர், முதல் தடவையாக இங்கிலீஷில் அவளைக் கேட்டார்.

"நீ படித்தாயா?"

"படித்தேன், மேடம். முதல் பாகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தது நான்தான். திருப்பி வைப்பதற்குள் கார் போய்விட்டது. தப்புத்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்."

துரைசானியின் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. ஆனால் துரை முகம் சிவந்துவிட்டார். என் மேசையில் கம்பெனிக் கடிதம் கிடக்கிறது, சங்கத்தைப் பற்றிய கடிதம் கிடக்கிறது, இவள் தினமும் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று இரைந்தார். இன்றைக்கே அனுப்பிவிடு என்றார். துரைசானி கையமர்த்தினார். நல்ல வேலைக்காரி, திருடவில்லை, உண்மையை ஒத்துக்கொண்டாள் என்று பரிந்து பேசினார். அதற்குள் பூரணி, கேட்கக்கூடாத நேரத்தில், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"மேடம், ஹெலன் கடைசியில் என்ன ஆனாள்?"

துரைசானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "திரும்பி வந்துவிட்டாள். எங்கெங்கோ அலைந்தாள், நோயில் விழுந்தாள். சித்தியின் காலடியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். சித்தி மன்னித்து, சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்துவிட்டாள். நல்ல முடிவு" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நீயும் இங்கேயே இருக்கலாம். நான் துரையிடம் சொல்கிறேன். ஆனால் ஒன்று. அந்த அறையில் துடைப்பது மட்டும்தான் உன் வேலை. இனிமேல் இந்த வீட்டில் ஒரு புத்தகத்தையும் திறந்து படிக்கமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு."

கதவுக்குப் பின்னால் ஆண்டியப்பன் நின்றுகொண்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். சொல்லித் தொலையேண்டி என்றது அந்தக் கும்பிடு. சொல்வதற்கு என்ன? "சரி, மேடம்" என்றால் முடிந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பழையபடி படித்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? பூரணிக்கு அதுவும் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து படிக்கிற அந்தப் பிழைப்பு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. வாக்கைக் காப்பாற்றுவதோ அதைவிடக் கொடுமை. அத்தனை புத்தகத்தையும் தினமும் கையால் தொட்டு, ஒன்றையும் திறக்காமல் வெளியே வருவது, பட்டினி கிடப்பவளைப் பந்தியில் பரிமாறச் சொல்வது போலத்தான்.

"எடுத்ததுக்கு மன்னிப்புக் கேட்கிறேன், மேடம். படிக்கமாட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது."

துரைசானி அவளை வெகுநேரம் பார்த்தார். கோபத்தோடு பார்த்தாரா, பொறாமையோடு பார்த்தாரா என்று பூரணிக்குத் தெரியவில்லை. "அப்படியானால் நான் ஒன்றும் செய்ய முடியாது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். சிவப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் லயத்தில் வீரம்மா போட்ட கூச்சல் அடுத்த லயம் வரைக்கும் கேட்டது. "ரெண்டு வார்த்த! ரெண்டு வார்த்த சொன்னா நாக்குத் தேஞ்சா போயிரும்? வெறகும் நெருப்புமா ராசாத்தி மாதிரி இருந்தவ, இனிக் கொட்டுற மழையில அட்டக்கடி வாங்கிக்கிட்டு நிக்கப்போறாளே. இதுக்குத்தான் அந்த மனுசன் வயித்தக் கட்டி ஒன்னயப் படிக்க வச்சாரா?" அழுதாள். ரொட்டியைத் தட்டி வைத்துவிட்டு, மகளைச் சாப்பிடச் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பூரணிக்கு அழுகை வரவில்லை. அம்மா சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை என்று தெரிந்திருந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று விடியும் வரை புரண்டாள்.

காலையில் பெரட்டுக் களத்தில் அவள் பெயரைக் கங்காணி மூக்கன் கொழுந்துக்காரிகளோடு சேர்த்துக் கூப்பிட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நிரை பிடித்தார்கள். சங்கதி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கடைசியில் நாகலெட்சுமிதான் பொறுக்கமுடியாமல் கேட்டாள்.

"ஏன்டி, தொரசானிகிட்ட மிச்சக் கதையக் கேட்டியாமே. அந்தப் புள்ள என்னாதான் ஆச்சு?"

பூரணிக்குப் பொய் சொல்ல மனமில்லை. கேட்டதை அப்படியே சொன்னாள். ஹெலன் அலைந்தது, திரும்பி வந்தது, சித்தி காலடியில் மண்டியிட்டது, மன்னிப்பு, சாவிக்கொத்து. பேச்சியம்மா பெருமூச்சு விட்டாள். "அப்ப நம்ம சொன்னதெல்லாம் பொய்யா?"

அவர்கள் சொன்னதெல்லாம் பொய்தான், புத்தகத்தில் இருப்பதுதான் கதை என்று பூரணி சொல்ல வாயெடுத்தாள்.

நிரையின் கோடியில், நேற்று ராத்திரியிலிருந்து மகளோடு ஒரு வார்த்தை பேசாத வீரம்மா, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். கூடைக் கயிற்றை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டாள். தலையைத் திருப்பவில்லை, கையையும் நிறுத்தவில்லை.

"எழுதுனவன் தப்பா எழுதிட்டான்" என்றாள். "அந்தப் புள்ள ஏன் மண்டி போடணும்? மிச்சத்த நீ சொல்லுடி."